உயரமான வண்டி

தவக்காலத்தில் மனிதர்கள் எதையேனும் விட்டுவிட முயல்வார்கள். 2025ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் நான் ஒன்றை வாங்கத் துடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையில் முழந்தாளிட்ட வேளையிலும் அதன் கறுப்பு நிறம் என் கண்முன் நின்றது என்பதை நெஞ்சறிய ஒப்புக்கொள்ள வேண்டும்.

அது ஒரு ஃபோர்டு எண்டெவர். 2016ஆம் ஆண்டுப் பதிவு. ஐந்து சிலிண்டர் கொண்ட 3.2 லிட்டர் டீசல் எஞ்சின். தானியங்கிக் கியர். ஓடிய தொலைவு 1,84,000 கிலோமீட்டர்; பூமியிலிருந்து நிலவுக்குச் செல்லும் வழியில் ஏறத்தாழப் பாதி. புதிதாக விற்றபோது முப்பது இலட்சத்தை ஒட்டிய விலை. வண்டலூர் வெளிவட்டச் சாலையோரம் பழைய வண்டிகளை விற்கும் தரகர் ஒருவர் அதற்குப் பதினொன்றரை இலட்சம் கேட்டார். பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற என்னைப் போன்றவன் அத்தகைய வண்டியின் கதவைத் தொட்டுப் பார்ப்பதற்கே ஒரு துணிவு வேண்டும். விலையைக் கேட்டதும் அந்தத் துணிவு எனக்கு வந்துவிட்டது. சிறிய வண்டி ஒன்றைப் புதிதாக வாங்கும் பணத்துடன் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் போதுமே என்று மனம் கணக்குப் போட்டது.

குன்றத்தூரில் வாழ்பவர்களுக்கு வண்டிகள் புதியவை அல்ல. சேக்கிழார் பிறந்த ஊர், முருகன் மலைக்கோயில் ஊர் என்று அறியப்பட்ட எங்கள் ஊரைச் சுற்றி இன்று இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், மறைமலைநகர் என வாகனத் தொழிற்சாலைகளே வளையமிட்டிருக்கின்றன. விடியற்காலையில் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்துகளின் ஓசையில்தான் நாங்கள் கண் விழிக்கிறோம். புதிய வண்டி வாங்குவோர் மலையடிவாரத்தில் சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். நாங்கள் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தையை வெளியே அழைத்து வந்து தீர்த்தம் தெளிக்கச் சொல்வோம். ஆசை ஒன்றுதான், சடங்குதான் வேறு.

எண்டெவரும் எங்கள் பக்கத்து வண்டியே. மறைமலைநகரில் பொருத்தி முடிக்கப்பட்டது. மகிந்திராவுடன் கூட்டாக 1995இல் இந்தியாவுக்குள் வந்த ஃபோர்டு நிறுவனம், பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் கண்டதாகக் கூறி 2021 செப்டம்பர் 9 அன்று இந்நாட்டில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகரிலிருந்து கடைசி வண்டி 2022 ஜூலையில் வெளிவந்தது. ஏற்றுமதிக்காக அந்த ஆலையை மீண்டும் பயன்படுத்த விரும்புவதாக அந்நிறுவனம் 2024 செப்டம்பரில் தமிழக அரசுக்கு எழுத்துமூலம் தெரிவித்தது என்றாலும், எண்டெவர் வாங்க வேண்டும் என்பவனுக்கு இன்று பழைய வண்டியன்றி வேறு வழியில்லை. செய்தவர்களே கடையைக் கட்டிக்கொண்டு போன பொருளை வாங்கலாமா என்ற கேள்வி எழத்தான் செய்தது. பழுதுநீக்கும் சேவையும் உதிரிபாகங்களும் தொடரும் என்று நிறுவனம் கூறியிருக்கிறதே என்று எனக்கு நானே விடையும் சொல்லிக்கொண்டேன். வாங்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவனுக்கு விடைகளுக்குப் பஞ்சமில்லை.

நான் சொல்லிக்கொண்ட பெரிய காரணம் வெள்ளம். 2015 டிசம்பர் 1ஆம் நாள் இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டதை இப்பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கிய அந்நாளில் எங்கள் தெருவிலும் நீர் மார்பளவு நின்றது. அப்போது என் அம்மாவுக்கு வயது எழுபத்து நான்கு. பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை அமர்த்தி, பங்கின் இளைஞர் நால்வர் தோளுக்கு உயர்த்திச் சுமந்து சென்றனர். கையில் செபமாலையுடன், கண்களை இறுக மூடிக்கொண்டு அவர் சென்ற அந்தக் காட்சி இன்னும் என் உறக்கத்தில் வருகிறது. பின்னாலே நான் என் சான்றிதழ்களைத் தலைமேல் சுமந்து சென்றேன். தாயைச் சுமக்காமல் தாளைச் சுமந்தவன் என்று அன்று யாரும் சொல்லவில்லை. நான்தான் பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த வண்டியோ 800 மில்லிமீட்டர் ஆழ நீரிலும் செல்லும் என்று அதன் கையேடு கூறுகிறது. இப்படியொன்று அன்று வாசலில் நின்றிருந்தால்?

அடுத்த காரணம் வேளாங்கண்ணி. முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். எங்கள் பழைய மாருதி வேகன்ஆரில் ஆண்டுதோறும் போய்வருகிறோம். குழிகளில் இறங்கி ஏறும்போது அம்மா வாய்விட்டு ஒன்றும் சொல்ல மாட்டார்; இடுப்பைப் பிடித்துக்கொண்டு அருள்நிறை மரியே என்று முணுமுணுப்பார். அவருக்காகத்தான் பெரிய வண்டி என்று வீட்டில் சொன்னேன். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் தந்தை 1984இல் வாங்கிப் போட்ட அரை கிரவுண்டு மனையை விற்றபோது, பிள்ளைகள் மூவருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்த அம்மா, தமக்கென்று பன்னிரண்டு இலட்சத்தை வங்கியில் வைப்புநிதியாகப் போட்டுக்கொண்டார். மாதம் ஏறத்தாழ 7,500 ரூபாய் வட்டி வரும். அவருடைய மருந்து, அப்பாவின் நினைவுத் திருப்பலிக்கான காணிக்கை, பேத்திகளுக்கு ஏதேனும் கைச்செலவு, எல்லாம் அதிலிருந்துதான். என் பங்கு மகளின் படிப்புக்குப் போய்விட்டது. வண்டிப் பேச்சை நான் எடுத்த மறுநாள் காலை, வைப்புநிதிச் சான்றிதழை மஞ்சள் பையிலிருந்து எடுத்து என் முன் வைத்தார் அம்மா.

“எனக்கு எதுக்குப்பா இது? எடுத்துக்க. உங்கப்பா பார்த்தா சந்தோஷப்படுவாரு.”

என் தந்தை வாழ்நாள் முழுதும் மிதிவண்டி தவிர வேறு வண்டி வைத்திருந்ததில்லை. புனித தோமையார் மலைத் திருவிழாவுக்குக்கூட என்னை முன்கம்பியில் உட்கார வைத்து மிதித்தே சென்றவர். அந்தச் சான்றிதழை அன்றே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். நானோ அதை என் மேசை இழுப்பறையில் ‘பத்திரமாக’ வைத்துப் பூட்டினேன்.

வண்டியைப் பார்க்க என்னுடன் வந்தவன் என் பழைய மாணவன். இன்று திருமுடிவாக்கம் பக்கம் சொந்தமாக ஒரு பணிமனை நடத்துகிறான். கணக்குப் பாடத்தில் முப்பத்தைந்து மதிப்பெண்ணைத் தாண்டாத அவன், அன்று இரண்டு மணி நேரம் எனக்குக் கணக்குப் பாடம் நடத்தினான்.

“கிலோமீட்டரைப் பார்த்துப் பயப்படாதீங்க சார். ஊருக்குள்ள தினம் நாலு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துன வண்டியவிட, நெடுஞ்சாலையில ஓடுன வண்டி நல்லா இருக்கும். அந்த நம்பர் உண்மையான்னுதான் பார்க்கணும்.”

எண்மானியைத் திருத்துவது எளிது. திருத்த முடியாத இடங்களை அவன் பார்த்தான். பிரேக் மிதியின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, திசைமாற்றும் சக்கரத்தின் தோல் எங்கே வழவழப்பாகியிருக்கிறது, ஓட்டுநர் இருக்கையின் வலப்பக்க ஓரம் எப்படி நசுங்கியிருக்கிறது என்று தடவித் தடவிப் பார்த்தான். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைக் காட்டினான். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்குமாம். 1519 என்றிருந்தது, 2019ஆம் ஆண்டின் பதினைந்தாவது வாரம். தேயாமலிருந்தாலும் மூப்படைந்த டயர்கள். பிறகு இருக்கைப் பட்டைகளை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்தான். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியானால் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றின் கோடு தெரியும். எவ்வளவு கழுவினாலும் அந்த இடத்தை யாரும் கழுவுவதில்லை. தரைவிரிப்பைத் தூக்கி, இருக்கையின் அடித் திருகாணிகளில் துருவைத் தேடினான். 2015க்குப் பிறகும் 2023 டிசம்பர்ப் புயலுக்குப் பிறகும் இப்படிப்பட்ட வண்டிகள் வண்ணம் பூசிக்கொண்டு சந்தைக்கு வந்தனவாம். ஆவணங்களையும் விடவில்லை. டில்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளை ஓட்டக்கூடாதெனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்ததிலிருந்து, அங்கிருந்து மலிவாகத் தெற்கே இறங்கும் வண்டிகள் உண்டு. அவற்றுக்குத் தடையின்மைச் சான்றும் இங்கே சாலை வரியும் தேவைப்படும். இது தமிழ்நாட்டுப் பதிவு, இரண்டாம் உரிமையாளர், கடன் தீர்ந்தது. படிவம் 29, 30இல் கையொப்பமிட்டால் உரிமை மாறிவிடும்.

குறை கண்டுபிடித்து என்னைக் காப்பாற்றுவான் என்று எதிர்பார்த்தேனோ, நிறை சொல்லி என்னை விடுவிப்பான் என்று எதிர்பார்த்தேனோ, இப்போது சொல்லத் தெரியவில்லை. அவன் சொன்னது இரண்டுமாக இருந்தது.

“நல்ல வண்டி சார். பொய் சொல்லாத வண்டி. ஆனா ஒண்ணு. வண்டி வெலைதான் பதினொண்ணரை இலட்சமா இறங்கியிருக்கு. ஸ்பேர் எதுக்கும் அது தெரியாது. அதெல்லாம் இன்னும் முப்பது இலட்ச ரூபா வண்டியோட ஸ்பேர்தான்.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவனுக்கு அன்று நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன். விற்பவர் நமக்கு விலையைத்தான் குறைத்துத் தருகிறார்; வண்டியின் பசியைக் குறைத்துத் தர அவரால் ஆகாது. நான்கு டயர் மாற்ற எழுபதாயிரம் வரை ஆகும் என்றான். ஐந்து சிலிண்டர் என்றால் இஞ்செக்டரும் ஐந்து. முன்பக்கத் தாங்கிகளின் ரப்பர்கள் முடிவை எட்டிவிட்டன. கியர்பெட்டியின் எண்ணெயை உடனே மாற்ற வேண்டும். நகருக்குள் லிட்டருக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர் கிடைத்தால் பெரிது. டீசலோ தொண்ணூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது. எஞ்சின் எண்ணெய் மாற்றுவதில்கூட ஒரு நுணுக்கம் சொன்னான். பழைய எண்ணெயை வடிய விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடக் கூடாதாம். பத்து நிமிடத்துக்குள் புதிய எண்ணெயை ஊற்றிவிட வேண்டும். தாமதித்தால் எண்ணெய் பம்ப் வறண்டு, அடுத்த முறை இயக்கும்போது எஞ்சினே கெட்டுவிடக் கூடும். தெருமுனையில் யாரிடமும் கொடுக்கக்கூடிய வண்டியன்று. இரண்டாண்டில் மூன்று இலட்சம் கையில் வைத்திருங்கள் என்று முடித்தான். பதிவுச் சான்று 2031 வரை. அதன்பின் தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும்.

வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். சிரித்தான். “சார், அன்னிக்கி நீங்க மார்பளவு தண்ணியில நின்னீங்க. எண்ணூறு மில்லிமீட்டர்னா உங்க இடுப்புகூட வராது. அன்னிக்கி இந்த வண்டி இருந்திருந்தா, அம்மாவையும் தூக்கியிருக்கணும், வண்டியையும் தூக்கியிருக்கணும்.”

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து, முடிக்கப் பணம் இருக்கிறதா என்று கணக்கிட மாட்டாரா என லூக்கா நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தில் ஆண்டவர் கேட்கிறார். அந்தப் பகுதியை வகுப்பில் எத்தனை முறை விளக்கியிருப்பேன்! அன்றிரவு நானும் உட்கார்ந்து கணக்கிட்டேன். ஆனால் கணக்கிடுவதும் ஒருவகைச் சூழ்ச்சியாகிவிடக் கூடும் என்பதை அனுபவத்தில் கண்டேன். டயர்களில் இரண்டை மட்டும் இப்போது மாற்றலாம். வேளாங்கண்ணிக்கு ஆண்டுக்கு ஒருமுறைதானே. நெடுஞ்சாலையில் லிட்டருக்குப் பன்னிரண்டு கிடைக்காதா... தாளில் செலவு குறைந்துகொண்டே வந்தது. கோபுரம் உயர்ந்துகொண்டே போனது.

நள்ளிரவில் திருத்தந்தையரையும் துணைக்கு அழைத்தேன். 1964 டிசம்பரில் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்த ஆறாம் பவுல், தமது பயன்பாட்டுக்கென அன்பளிப்பாக வந்த லிங்கன் காரை அன்னை தெரசாவிடம் தந்துவிட்டுச் சென்றார். அன்னை அதில் ஒருநாளும் ஏறிச் செல்லவில்லை. குலுக்கலில் விட்டுப் பணமாக்கித் தொழுநோயாளருக்கான பணிக்குச் செலவிட்டார். இந்தக் கதை எனக்கு உதவவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் உதவுவார் போலிருந்தது. 2013 செப்டம்பரில் வெரோனாவைச் சேர்ந்த அருள்தந்தை ரென்சோ சோக்கா, தாம் ஏழைகளிடையே பணியாற்றிய காலத்தில் ஓட்டிய 1984ஆம் ஆண்டு ரெனோ 4 வண்டியை அவருக்கு அளித்தார். மூன்று இலட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி! திருத்தந்தை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். மறுநாள் காலை என் மனைவியிடம் இதை வெற்றியோடு சொன்னேன். திருத்தந்தையே மூன்று இலட்சம் ஓடியதை வாங்கிக்கொண்டார். நமக்கு 1,84,000 என்ன பெரிது?

“ரெனோ 4 நம்ம வீட்டு முகப்புல நிக்கும்” என்றாள் அவள். “இது நிக்குமா?”

கயிறெடுத்து அளந்தேன். எங்கள் முகப்பு பதினான்கு அடி. எண்டெவர் பதினாறு அடி. அதே ஆண்டு ஜூலையில் குருமாணவரிடமும் நவசந்நியாசிகளிடமும், கார் வேண்டியிருக்கலாம், ஆனால் எளியதாக இருக்கட்டும் என்று திருத்தந்தை கேட்டுக்கொண்டதையும் அவள் நினைவூட்டினாள். அது துறவியருக்குச் சொன்னது என்று வாதாடினேன். வாதம் செல்லும். ஆனால் எதற்காக வாதாடுகிறேன் என்று அந்நேரத்தில் எனக்கே சற்றுக் கூசியது.

இருந்தும் அடுத்த சனிக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு தரகரிடம் சென்றேன். மேசை இழுப்பறையிலிருந்த சான்றிதழ் என் சட்டைப் பையில் இருந்தது. அம்மா புதுச் சேலை கட்டியிருந்தார். தரகர் பின்கதவைத் திறந்து, “வாங்கம்மா, ஏறுங்க” என்றார். அம்மா ஒருகையால் என் தோளையும் மறுகையால் கதவையும் பற்றிக்கொண்டு வலக்காலைத் தூக்கினார். பக்கப் படிக்கு ஒரு சாண் கீழேயே கால் நின்றுவிட்டது. இடக்காலை மாற்றிப் பார்த்தார். தரையிலிருந்து 225 மில்லிமீட்டர் இடைவெளி என்று பெருமையாகப் படித்திருந்தேன். அந்த உயரத்தை என் தாயின் முழங்காலோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. தரகரின் ஆள் ஓடிப்போய் ஒரு முக்காலி கொண்டு வந்தான். முக்காலியில் ஏறி, அதிலிருந்து படியில் ஏற முயன்றபோது அம்மாவின் உடல் நடுங்கியது. மெல்ல இறக்கி அந்த முக்காலியிலேயே உட்கார வைத்தோம்.

இதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் இங்கு எழுத வேண்டும் என்று இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். அம்மாவுக்காக என்று சொல்லி வாங்க வந்த வண்டியில் அம்மாவால் ஏற முடியவில்லை என்று கண்ட அந்த நிமிடத்தில், நான் தரகரைப் பார்த்து, “பத்தே முக்காலுக்கு முடித்துக்கொள்ளலாமா?” என்று கேட்டேன்.

என் மாணவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அம்மா ஒன்றும் புரியாதவர்போல், “நீ ஏறி உட்காருப்பா, நான் பார்க்கிறேன்” என்றார். ஏறினேன். இருக்கை உண்மையிலேயே மிக நன்றாக இருந்தது. முன்கண்ணாடி வழியாகச் சாலையே தாழ்ந்து தெரிந்தது. பக்கக் கண்ணாடியைக் கீழிறக்கிப் பார்த்தேன். முக்காலியில் அமர்ந்து, வெயிலுக்குக் கையைப் புருவத்தின்மேல் வைத்துக்கொண்டு, அம்மா என்னை அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு உயரத்திலிருந்து நான் என் தாயைப் பார்த்ததே இல்லை.

இறங்கினேன். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று தரகரிடம் கூறிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சான்றிதழை மஞ்சள் பையிலேயே வைத்தேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. திங்களன்று தொலைபேசியில் வேண்டாம் என்றபோது, காஞ்சிபுரத்திலிருந்து ஒருவர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்றார் தரகர். ஏனோ எனக்கு வலித்தது.

பழைய வேகன்ஆருக்கு என் மாணவன் அதிர்வுதாங்கிகள் நான்கையும் மாற்றினான். முன் இருக்கைப் பஞ்சைப் பிரித்துத் தைத்தான். குளிர்சாதனத்தைச் சரிசெய்தான். எல்லாம் சேர்த்து 27,000 ரூபாய்; அது என் ஓய்வூதியத்திலிருந்து. அந்த வண்டியின் இருக்கை அம்மாவின் இடுப்பளவில் இருக்கிறது. ஏற வேண்டாம், திரும்பி உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்து வைத்தால் போதும். பதினான்கு ஆண்டுகளாக அவர் அப்படித்தான் உட்கார்ந்து வந்திருக்கிறார். எனக்குத்தான் கண்ணில் படவில்லை.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்து வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டோம். வெளிவட்டச் சாலையில் வண்டலூரை நெருங்கும்போது கறுப்பு எண்டெவர் ஒன்று ஓசையில்லாமல் எங்களைக் கடந்து சென்றது. பதிவெண்ணைப் பார்க்க முயன்றேன்; முடியவில்லை.

“அதுவாப்பா?” என்றார் அம்மா.

“தெரியலம்மா.”

“நல்லாத்தான் போகுது” என்று சொல்லிவிட்டுச் செபமாலையைத் தொடர்ந்தார். அது கண்ணிலிருந்து மறையும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.